வெளிநாட்டுப் பிரயாணமும் செல்போனும்

(ஒரு வாசகசாலையில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் போன இடத்தில் செல்போனும் இன்டர்நெட்டும் அறுந்து போகாமல் இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இது ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டிய விஷயமா, போன் கடைக்காரனைக் கேட்டால் சொல்ல மாட்டானா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கடைக்காரன் சொல்லுவான், வாஸ்தவம். ஆனால் அவன் எந்தச் சரக்கை விற்கிறானோ அந்தச் சரக்கைப் பற்றித்தான் சொல்லுவான். விற்காத சரக்கைப் பற்றி அவன் ஏன் சொல்லப் போகிறான்? ஆனதினால்தான் விற்கிறதற்கு ஒன்றுமில்லாத என்னைப்போன்ற ஆசாமி பேசவேண்டியிருக்கிறது.

நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் உங்கள் கம்பெனியின் கட்டண விவரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நான் சொன்னது சரிதானா என்று ஒத்துப் பாருங்கள். புறப்படுவதற்கு நல்ல நாள் தேடி ஒரு வாரத்தைச் செலவு செய்கிற வீட்டில், கட்டண விவரத்தை வாசித்துப் பார்க்க அரைமணி நேரம் ஒதுக்குவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

முன்காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவன் போய்ச் சேர்ந்தானா, கடலிலே போனானா என்பது கடிதம் வரும்வரையில் வீட்டாருக்குத் தெரியாது. அதற்கு மனதைத் திடப்படுத்திக் கொண்டுதான் அனுப்பினார்கள். இன்று சங்கதி அப்படியில்லை. திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். இறங்கின ஐந்தாவது நிமிஷத்தில் போன் வரவில்லையென்றால் வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடுகிறது. அழுகைகூடப் பெரிதில்லை. இப்போது வேலைக்குப் போகிற மனிதனுடைய டிக்கெட்டு, விசா, அழைத்துப்போக வருகிறவனுடைய பெயர், தங்கும் இடத்தின் விலாசம், கையிலுள்ள பணம் எல்லாம் அந்தப் போனுக்குள்ளேயே இருக்கின்றன. போன் செத்துப்போனால் அந்நிய தேசத்து விமான நிலையத்தில் அவன் பெயரும் ஊரும் இல்லாதவன் மாதிரி நிற்கிறான். ஆகவே இது சவுகரியத்தைப் பற்றிய பேச்சு அல்ல.

முதலாவது, ரோமிங் என்கிறார்களே, அது என்ன என்பதைப் பார்ப்போம்.

உங்கள் போனிலுள்ள சிம் என்ற சிறிய சில்லுக்குள் 15 எண்கள் கொண்ட ஒரு இலக்கம் இருக்கிறது. இது நீங்கள் பிறருக்குக் கொடுக்கிற போன் நம்பர் அல்ல, வேறு. அதில் முதல் மூன்று எண்களும் தேசத்தைக் குறிப்பவை. இந்தியாவுக்கு 404, 405, சிங்கப்பூருக்கு 525, மலேசியாவுக்கு 502. நீங்கள் சிங்கப்பூரில் இறங்கிப் போனைத் திறந்தவுடன் அது அங்குள்ள டவரைக் கூப்பிடுகிறது. அந்த டவருக்குச் சொந்தக்காரனான கம்பெனி, உங்கள் இலக்கத்தைப் பார்த்து, “இவன் 404-காரன்; நம்முடைய ஆள் அல்ல” என்று தெரிந்துகொண்டு, உடனே இந்தியாவிலுள்ள உங்கள் கம்பெனியைக் கேட்கிறது: இவன் உன் ஆள்தானா? இவனுக்கு வெளியூரில் பேச அனுமதி உண்டா? இவன் செலவுக்கு நீ ஜவாப்தாரியா? அங்கிருந்து “ஆம்” என்று பதில் வந்தால்தான் இங்கே கதவு திறக்கும். இவ்வளவும் சில விநாடிகளில் நடந்து முடிந்துவிடுகிறது. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. இரண்டு வியாபாரிகளுக்குள் இருக்கிற பற்றுவரவு ஏற்பாடுதான். இந்த மாதிரி முதல் ஒப்பந்தம் 1992-ம் வருஷத்தில் பின்லாந்துக் கம்பெனி ஒன்றுக்கும் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றுக்கும் ஏற்பட்டது.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். ரோமிங்கில் நீங்கள் இன்டர்நெட்டைத் திறந்தால், பெரும்பாலும் அது அந்த ஊரிலிருந்தே வெளியே போவதில்லை. கட்டுப்போட்ட மூட்டை மாதிரி இந்தியாவிலுள்ள உங்கள் கம்பெனிக்கு வந்து, இங்கே கட்டவிழ்ந்து, இங்கிருந்துதான் உலகத்துக்குள் போகிறது. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூர்ப் பத்திரிகையைப் பார்க்கிறவனுடைய கேள்வி கடலடிக் கம்பி வழியாக மூவாயிரம் கிலோமீட்டர் இங்கே வந்து, பதிலை எடுத்துக்கொண்டு திரும்ப மூவாயிரம் கிலோமீட்டர் போகிறது. அது சற்றுத் தாமதிப்பதற்குக் காரணம் இதுதான். சீனாவில் கூகுளும் வாட்ஸ்அப்பும் தடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனாலும் இந்திய சிம்மோடு அங்கே ரோமிங்கில் இருப்பவனுக்கு அவை சாதாரணமாகக் கிடைக்கின்றன. பக்கத்து அறையில் சீன சிம் வைத்திருப்பவனுக்குக் கிடைப்பதில்லை. இதைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. மூட்டை எங்கே கட்டவிழ்கிறது என்று தெரிந்துகொண்டவனுக்கு இதில் ஆச்சரியம் ஏது?

நிற்க, கட்டணத்திற்கு வருவோம். இதுதான் முக்கியமான இடம்.

ரோமிங் என்றால் ஜாஸ்தியாகத்தான் இருக்கும், தூரம் அப்படி, கடல் அப்படி, அது அந்தத் தொழிலின் இயற்கை என்று அனேகர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அது இயற்கையா, மனிதன் போட்ட விலையா என்பதை யோசிக்க வேண்டாமா? நம் ஊர் அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயமுத்தூர் சிம்மை வைத்துக்கொண்டு வாளையாரைத் தாண்டினால், வருகிற போனை எடுத்ததற்கும் காசு பிடித்த காலம் உங்களுக்கு ஞாபகமிருக்கும். வாளையாருக்கு அந்தப் பக்கத்திலும் அதே கம்பெனியின் டவர்தான், அதே கம்பிதான். 2016-ல் புதிதாக ஒரு கம்பெனி ரோமிங் கட்டணமே இல்லை என்று கடை திறந்தது. 2017-க்குள் மற்றவர்களும் அதை எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வருஷத்தில் வாளையார் கிட்டே நகர்ந்துவிட்டதா? மலை தாழ்ந்துவிட்டதா? இல்லையே. போட்டி வந்தது, காசு பிடிப்பது நின்றது. அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய உதாரணம் ஐரோப்பா. அங்கே தேசங்கள் சின்னச் சின்னவை. காலையில் ஒரு தேசத்தில் காப்பி சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வேறொரு தேசத்தில் வேலை பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் கம்பெனிகள் பிடுங்கிக்கொண்டிருந்தன. ஐரோப்பிய யூனியனில் அப்போது இந்த இலாகாவைப் பார்த்துவந்தவர் விவியன் ரெடிங் என்ற லக்ஸம்பர்க் தேசத்து அம்மையார். 2007-ம் வருஷத்தில் முதல் சட்டம் வந்தது. ரோமிங்கில் ஒரு நிமிஷம் கூப்பிட்டுப் பேச 49 சென்டுக்கு மேல் வாங்கக்கூடாது, வருகிற போனை எடுத்துப் பேச 24 சென்டுக்கு மேல் வாங்கக்கூடாது, வரி தனி, என்று வைத்தார்கள். கம்பெனிகள் எதிர்த்துக் கூச்சல் போட்டன. சட்டம் நிற்கவில்லை, மேலும் மேலும் இறங்கிற்று. டேட்டாவுக்கு 2012-ல் ஒரு எம்.பி. 70 சென்டுக்கு மேல் விற்கக்கூடாது என்றார்கள். 2014-ல் 20 சென்ட் என்றார்கள். 2017-ம் வருஷம் ஜூன் மாதம் 15-ந் தேதியிலிருந்து, உள்ளூரில் என்ன கட்டணமோ அதே கட்டணந்தான் யூனியன் பூராவுக்கும், நியாயமான உபயோகத்துக்கு மேற்படி வாங்கக்கூடாது என்று முடித்துவிட்டார்கள். 2022-ல் அந்தச் சட்டத்தை 2032-ம் வருஷம் வரையில் நீட்டியும் வைத்திருக்கிறார்கள்.

இந்த எண்களைச் சற்று நிதானமாகக் கணக்குப் பாருங்கள். 2012-ல் ஒரு எம்.பி. 70 சென்ட் என்றால் ஒரு ஜி.பி. 700 யூரோ. இது சட்டம் குறைத்துவைத்த பிறகு இருந்த உச்சவரம்பு! அதற்கு முன் இருந்தது என்ன என்று கேட்காதீர்கள். இப்போது ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு ரோமிங் டேட்டாவை மொத்த விலையில் கொடுக்க 2027-ம் வருஷத்துக்கு உச்சவரம்பு ஒரு ஜி.பி.க்கு 1 யூரோ என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். முதலாவது ஜனங்களுக்கு விற்கிற விலை, இரண்டாவது வியாபாரிகள் தங்களுக்குள் விற்கிற விலை; இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லுகிறேன்: 700 எங்கே, 1 எங்கே? டவரும் கம்பியும் வரவர மலிவாயின என்பதும் உண்மைதான். ஆனால் மலிவானதின் பலன் ஜனங்களுடைய கைக்கு வந்தது கம்பெனியின் தயவால் அல்ல. அவர்கள் பலனடைந்த பிறகும் ஐரோப்பாவில் செல்போன் கம்பெனிகள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடவில்லை.

சரி, அது எல்லோருக்கும் உண்டா என்றால் இல்லை. அந்தச் சட்டம் யூனியனிலுள்ள 27 தேசங்களுக்கும், நார்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன் முதலிய கூட்டாளித் தேசங்களுக்கும்தான். நடுவில் இருக்கிற சுவிட்சர்லாந்து அதில் சேர்ந்ததல்ல. பிரான்ஸ் சிம்மை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவன் ஜெனிவாவுக்குள் கால் வைத்தால், அல்லது கால்கூட வைக்காமல் எல்லையோரத்தில் நின்றாலே, சுவிஸ் டவர் பிடித்துக்கொண்டு மீட்டர் ஓட ஆரம்பிக்கலாம். இங்கிலாந்தும் 2020-ம் வருஷக் கடைசியோடு அந்த ஏற்பாட்டிலிருந்து வெளியே போய்விட்டது. இந்திய சிம் வைத்திருக்கிற நமக்கோ அந்தச் சட்டம் எங்கேயும் கிடையாது. எல்லையோரச் சங்கடம் நம்மவர்களுக்கும் தெரிந்ததுதான். ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்குத் தினம் வேலைக்குப் போய் வருகிற மலேசியத் தமிழ்த் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு கிலோமீட்டர் அகலத் தண்ணீர். இந்தக் கரையில் நிற்கிற போன் அந்தக் கரை டவரைப் பிடித்துக்கொள்ளும். டவருக்கு எல்லைக்கோடு தெரியாது. பில் போடுகிறவனுக்குத் தெரியும். இப்படிப்பட்ட இடங்களில் போனிலுள்ள ரோமிங் டேட்டாவை நிறுத்தி வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

இனி, நம் மாதிரி ஆள் என்ன செய்வது?

பத்து நாள் பதினைந்து நாள் மகளைப் பார்க்கவோ ஊர் பார்க்கவோ போகிறவர்கள் ஒரு வகை. இவர்கள் தங்கள் சிம்மிலேயே, புறப்படும் முன் இங்கேயே, அந்தந்தத் தேசத்துக்கென்று விற்கிற ரோமிங் பேக்கைப் போட்டுக்கொள்ளலாம். பேக் போடாமல் ரோமிங்கை மாத்திரம் திறந்து வைப்பதுதான் ஆபத்து. நீங்கள் தொடாவிட்டாலும் போன் சும்மா இருப்பதில்லை. எடுத்த படத்தையெல்லாம் எங்கேயோ கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உள்ளிருக்கிற செயலிகளெல்லாம் தங்களைத் தாங்களே புதுப்பித்துக்கொள்கின்றன. நீங்கள் தூங்குகிறீர்கள், அது செலவழித்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தானியங்கிச் சங்கதிகளை “வைஃபை இருக்கும்போது மட்டும்” என்று போனிலேயே மாற்றி வைத்துவிடலாம். விமானத்திலும் கப்பலிலும் உள்ளேயே ஒரு சிறிய டவர் வைத்து, செயற்கைக்கோள் வழியாக இணைப்புக் கொடுப்பதுண்டு. அதற்குக் கட்டணம் தனி. சாதாரண ரோமிங் பேக் அங்கே செல்லும் என்று எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள். ஏறினவுடன் விமானப் பயன்முறையைப் போட்டுவிடுங்கள்.

ஈ-சிம் என்று ஒன்று வந்திருக்கிறது. சில்லு இல்லாமல், போனுக்குள்ளேயே பதித்திருக்கிற இடத்தில் இணைய வழியாகச் சிம்மை இறக்கிக்கொள்வது. ஐபோனில் இது 2018-ல் வந்தது. அமெரிக்காவில் 2022 முதல் விற்கிற ஐபோன்களில் சிம் போடுகிற துளையையே எடுத்துவிட்டார்கள். இதன் நன்மை, வீட்டு வைஃபையில் இருக்கும்போதே போகிற தேசத்துச் சிம்மை வாங்கிப் போட்டுக்கொண்டு போகலாம். பழைய சிம்மையும் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் பிரயாணிகளுக்கென்று விற்கிற ஈ-சிம்களில் பெரும்பாலானவற்றில் டேட்டா மாத்திரம்தான். பேசுவதற்கு நம்பர் கிடையாது. இதை விளம்பரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் போனில் இந்த வசதி இருக்கிறதா என்று பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு என்ன செய்வது?

வேலைக்குப் போய் ஒரு வருஷம் இரண்டு வருஷம் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். அந்த ஊர் சிம் ஒன்று வாங்கினால் போதும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பாஸ்போர்ட்டையோ வேலை அனுமதிச் சீட்டையோ காட்டி உங்கள் பெயரில் பதிந்துதான் கொடுப்பார்கள். வேறொருவன் தன் பெயரில் வாங்கிக் கொடுக்கிற சிம்மை வாங்காதீர்கள். உங்கள் பெயரில் ஒருவன் வாங்கிக்கொள்ளவும் விடாதீர்கள். அந்தச் சிம்மில் நடக்கிற மோசடிக்குப் போலீஸ் தேடிவருவது யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவனைத்தான்.

இங்கே ஒரு பெரிய விபரீதம் இருக்கிறது. புதுச் சிம் வந்தவுடன் ஊர்ச் சிம்மை எடுத்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் 90 நாள் எவ்வித உபயோகமும் இல்லாமல் ஒரு நம்பர் கிடந்தால் அதை நிறுத்திவிடக் கம்பெனிக்கு உரிமை உண்டு. நிறுத்திய நம்பரைச் சில காலம் சும்மா வைத்திருந்து, பிறகு வேறு யாருக்காவது விற்றுவிடுவார்கள். இதில் கம்பெனி பேரில் குற்றமில்லை. நம்பர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆனால் உங்கள் பாங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் புத்தகம், வருங்கால வைப்பு நிதி எல்லாம் எந்த நம்பரோடு கட்டப்பட்டிருக்கின்றன? அந்தப் பழைய நம்பரோடுதான். இரகசிய ஆறு இலக்கம் அங்கேதான் போகும். நீங்கள் துபாயில் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பிய பணத்தின் சாவி, முன்பின் தெரியாத ஒருவன் சட்டைப் பையில் போய் உட்காருகிறது! அவன் யோக்கியனாயிருந்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. ஆனால் நமது சொத்து இன்னொருவனுடைய யோக்கியதையை நம்பி இருக்க வேண்டிய அவசியம் என்ன?

ஆகவே ஊர் நம்பரைச் சாகவிடாதீர்கள். இரண்டு சிம் போடுகிற போனாக வாங்கிக்கொண்டு ஒன்றில் ஊர்ச் சிம்மை வைத்து, டேட்டாவை மாத்திரம் நிறுத்தி, குறைந்தபட்ச ரீசார்ஜை வீட்டிலிருப்பவர்கள் காலாகாலத்தில் போட்டு வரட்டும். ரோமிங்கில் வருகிற எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பொதுவாகக் காசு பிடிப்பதில்லை. உங்கள் கம்பெனியில் எப்படி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வாழ் இந்தியர் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2023-ம் வருஷத்திலிருந்து சிங்கப்பூர், சவுதி, கத்தார், ஓமன், ஐக்கிய அரபு எமிரேட்டுகள் முதலிய 10 தேசத்து நம்பர்களைக் கொண்டே யு.பி.ஐ. வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். உங்கள் பாங்கி அதைச் செய்கிறதா என்று மானேஜரைக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், அவர் சம்பளம் வாங்குவது பதில் சொல்வதற்குந்தான்.

பழைய பட்டன் போனை வைத்திருக்கிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நல்ல போன்தான், பத்து வருஷம் உழைக்கும். ஆனால் அவற்றில் பல 2ஜி என்ற பழைய முறையில் மாத்திரம் பேசுகிறவை. சிங்கப்பூரில் அந்த முறையை 2017-ம் வருஷத்திலேயே மூடிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவிலும் மூடியாயிற்று. அங்கே அந்தப் போன் கடிகாரம் பார்க்கத்தான் உதவும். போன் கெட்டுவிட்டது என்று நினைத்து அங்கே ரிப்பேருக்குக் கொடுத்துப் பணத்தைப் பாழாக்காதீர்கள். போகும் முன்பே 4ஜி போன் ஒன்று சாதாரண விலையில் வாங்கிக்கொள்வது மேல்.

அடுத்தபடியாக வளைகுடா தேசங்கள். ஐக்கிய அரபு எமிரேட்டுகளில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம். ஆனால் அதில் வாய் திறந்து பேசுவதும் முகம் பார்த்துப் பேசுவதும் பல வருஷங்களாகத் தடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. அரசாங்கத்தின் அனுமதி பெற்ற சில செயலிகளில்தான் பேச முடியும். போட்டிம் என்பது அவற்றில் ஒன்று. சவுதி அரேபியா இம்மாதிரிப் பேச்சுச் செயலிகளுக்கு இருந்த தடையை 2017-ல் தளர்த்தியது. ஒரு தேசம் தளர்த்தியதால் உலகம் முழுகிப்போகவில்லை என்பதை மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்தத் தடை யாரைக் கஷ்டப்படுத்துகிறது? முதலாளிக்குக் கம்பெனிச் செலவில் போன் இருக்கிறது. பிள்ளை பிறந்து ஆறு மாதமாகியும் முகம் பார்க்காத தொழிலாளிக்கல்லவோ அந்த ஐந்து நிமிஷம் பெரிது!

அவனிடம் அறைத்தோழன் ஒருவன் வந்து, “வி.பி.என். என்று ஒன்று இருக்கிறது, போட்டுக்கொள், எல்லாம் திறக்கும்” என்று சொல்லுவான். வி.பி.என். என்பது உங்கள் இணைப்பு வேறு ஊரிலிருந்து வருவதுபோல் காட்டுகிற ஏற்பாடு. ஆபீசுகள் அதை நியாயமான காரியத்துக்கு உபயோகிக்கின்றன, அது தடைசெய்யப்பட்டதல்ல. ஆனால் அதைக்கொண்டு அந்த நாட்டுச் சட்டப்படி குற்றமான காரியத்தைச் செய்தாலோ மறைத்தாலோ, சிறைத்தண்டனையும் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் திர்ஹாம் வரையில் அபராதமும் விதிக்கலாம் என்று அங்கே சட்டம் இருக்கிறது. அறைத்தோழன் இந்த இரண்டாவது பாதியைச் சொல்லமாட்டான், அவனுக்குத் தெரிந்திருக்காது. ஊரில் இருக்கும்போதே, அங்கே செல்லும்படியான செயலி எது என்று போய்ச் சேர்ந்தவர்களைக் கேட்டு, அதை உங்கள் போனிலும் வீட்டுப் போனிலும் இறக்கி, இங்கேயே ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டுப் போங்கள். ஒரு பக்கம் மாத்திரம் இருந்து பிரயோஜனமில்லை.

வீடு என்றால் அங்கே யார்? பெரும்பாலும் மனைவியும் தாயும். போன் அவர்கள் கையில் இருக்கட்டும், அவர்கள் பெயரில் சிம் இருக்கட்டும், உபயோகிக்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். மைத்துனன் வந்தால்தான் புருஷனோடு பேசலாம் என்று ஒரு பெண்ணை வைத்துவிட்டுப் போவது என்ன நியாயம்? அவள் சொல்ல நினைப்பதை அவள் எப்படிச் சொல்லுவாள்?

வீட்டு வேலைக்கு என்று கடல் கடந்து போகிற பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்தவுடன் போனை வாங்கி வைத்துக்கொள்கிற எஜமானர்கள் உண்டு என்பது உலகறிந்த சங்கதி. போன் போனால் அதிலுள்ள நம்பர்களும் போயிற்று. இந்தக் காலத்தில் பெற்ற பிள்ளையின் நம்பர்கூட யாருக்கு மனப்பாடமாக இருக்கிறது? ஆதலால் தாய்மார்களே, இரண்டு நம்பர்களை மனப்பாடம் செய்யுங்கள். ஒன்று வீட்டு நம்பர், இன்னொன்று அந்தத் தேசத்து இந்தியத் தூதரகத்தின் நம்பர். அவற்றையும், வேலை செய்யும் இடத்தின் விலாசத்தையும், பாஸ்போர்ட் எண்ணையும் ஒரு துண்டுத் துணியில் மை அழியாமல் எழுதிப் பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும். வாரத்தில் இன்ன நாள் இன்ன மணிக்குப் பேச்சு வரும், இரண்டு வாரம் வராவிட்டால் தூதரகத்துக்கு எழுதுவது என்று புறப்படும் முன்பே வீட்டாரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட்டைப் பற்றிய பிரசங்கத்தில் துணியும் ஊசியும் எங்கே வந்தது என்று சிரிக்கிறார்கள். சிரியுங்கள், தைத்துவிட்டுச் சிரியுங்கள்.

வழி தெரியாமல் திகைப்பவர்களுக்கு ஒரு சங்கதி. போனில் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று காட்டுகிறதே, அதற்கு இன்டர்நெட் வேண்டியதில்லை. பூமிக்கு மேல் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. போன் அதைக் காதுகொடுத்துக் கேட்டு, எந்தச் செயற்கைக்கோளின் குரல் எவ்வளவு தாமதித்து வந்தது என்று பார்த்துத் தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. கேட்பதற்குக் காசில்லை. இன்டர்நெட் வேண்டியது வரைபடத்துக்குத்தான். அந்த ஊர் வரைபடத்தை இங்கேயே வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால், சிம்மே இல்லாமல் தங்கும் இடத்துக்குப் போய்ச் சேரலாம். விசா, டிக்கெட்டு, விலாசம் இவைகளைப் படம் பிடித்துப் போனுக்குள்ளேயே வைப்பதோடு காகிதத்திலும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்துக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை.

மேஜைமேல் சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒருவர், விமான நிலையத்து இலவச வைஃபையில் பாங்கிக் காரியம் பார்க்கலாமா என்று கேட்கிறார். பாங்கிச் செயலிகள் சங்கதியைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. ஆகையால் நடுவில் நின்று எட்டிப் பார்ப்பது சுலபமல்ல. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறுவது சுலபம். விமான நிலையத்தின் பெயரை வைத்து எவன் வேண்டுமானாலும் ஒரு வைஃபை திறக்கலாம். அதில் போய் உங்கள் பாங்கி இரகசியச் சொல்லைக் கேட்கிற பக்கம் எதுவாவது வந்தால் மூடிவிடுங்கள். அவசரமில்லாத பணக் காரியத்தைச் சொந்தச் சிம் வந்த பிறகு பார்க்கலாம்.

இன்னொருவர், பவர் பேங்கைப் பெட்டிக்குள் வைத்து லக்கேஜில் போடலாமா என்கிறார். கூடாது. கையோடுதான் எடுத்துப்போக வேண்டும். உள்ளிருக்கிற லித்தியம் பாட்டரி தீப்பிடித்தால் சரக்கறையில் அணைப்பார் கிடையாது. பொதுவான வரம்பு 100 வாட்-மணி. மேலே 20,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருந்தால் 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க 74 வருகிறது; போகும். 30,000 என்றால் 111; அதற்கு விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். 2025-ம் வருஷம் ஜனவரியில் தென் கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் ஒரு விமானம் தீப்பற்றி எரிந்த பிறகு பல கம்பெனிகள் கண்டிப்பாகிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த வருஷம் ஏப்ரலிலிருந்தும், எமிரேட்ஸ் அக்டோபரிலிருந்தும், விமானத்துக்குள் அதை உபயோகிக்கவே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டன. ஆகவே வீட்டிலேயே போனை நிறையச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஏறுங்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாய் மூன்றிலும் சுவரிலுள்ள துளை நமது உருண்டைக் கம்பிக்கு ஏற்றதல்ல, மூன்று பட்டைக் கம்பிக்கு ஏற்றது. அதற்கு மாற்றுச் செருகி ஒன்று நம் ஊர் மின்சாமான் கடையிலேயே கிடைக்கும். அங்கே போய் விமான நிலையத்தில் வாங்கினால் விலை அதிகம்.